மட்டப்பா ஒழுக்கு

ஒழுகுதல் என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் வழங்கி வருகின்றன. நெறிப்பட நடத்தலும் ஒழுகுதலே. கூரையினின்று நீர் சொட்டுதலும் ஒழுகுதலே. ஒரு நெறியைப் பற்றிச் செல்லுதல் இரண்டிற்கும் பொது எனலாம். நீருக்கும் ஒரு நெறி உண்டு என்பதையும், அஃது யாம் நினைக்கும் நெறியன்று என்பதையும், பாளையங்கோட்டையில் எம் ஆச்சி வாழும் வீட்டின் மட்டப்பாவில் முதிய கொத்தனார் ஒருவரோடு ஒரு கோடை முழுதும் கழித்தே யான் அறிந்தேன்.

அவ்வீடு பாட்டனாரின் தந்தையார் கட்டியது. அதன் தளம் இக்காலத்தார் இடும் கம்பியும் சிமெண்டும் கொண்ட தளம் அன்று. தேக்குக் கட்டைகளை நெருங்க வைத்து, அவற்றின்மேல் ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவர். அதற்குமேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்றங்குல அளவிற் பரப்பி, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். அடிக்குங்கால் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தல் வழக்கம். இறுதியில் தட்டோடு பதிப்பர். மதராஸ் டெரஸ் எனப் பொறியியலார் வழங்குவது இதனையே. இவ்வாறு கட்டிய தளம் செவ்வையாகப் பேணப்பெறின் நூறாண்டும் நிற்கும். பேணப்பெறுதல் என்பதிலேதான் இடர் எல்லாம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை யாவரும் அறிவர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மழையில் எம் வீட்டு வடக்கறை ஐந்திடங்களில் ஒழுகிற்று. ஆச்சியின் கட்டில் இருப்பதும், பாட்டனார் தம் கைப்படக் குறிப்பெழுதிய இலக்கண நூல்கள் இருப்பதும் அவ்வறையிலேதான். நூல்களுள் மூன்று ஏடு பிரியாமல் ஒட்டிப்போயின. கிறிஸ்துமஸிற்குக் கூடிய உறவினர், வீட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்டுவதே தக்கது என்றனர். ஆச்சியோ, “நான் இருக்குமட்டும் இருக்கட்டுமே” என்றதன்றி வேறொன்றும் உரைத்திலர். முடிவில் தந்தையார் ஒரு தவணை கொடுத்தார்: அடுத்த ஐப்பசிக்குள் ஒழுக்கு நின்றால் வீடு நிற்கும், நில்லாவிடின் இடிப்பு.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் தளம் முழுவதையும் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் கொண்டு போர்த்திவிடலாம் என்றார். குளிர்நாடுகளில் மரப்பலகையாலான மட்டக் கூரைகளுக்கு அம்முறை பெரிதும் கையாளப்படுகின்றது. உலர்ந்த பலகையின்மேல் அது பல்லாண்டு நிற்பதும் உண்மையே. ஆயின் ஈரம் குடித்த செங்கல்லின்மேல் அது பற்றாது, கொப்புளித்து உரிந்துவிடும். அன்றியும், ஒழுக்கு எங்கே என்று அறியுமுன் போர்வை இடுதல், நாடி பாராது மருந்து கொடுத்தல் போலாம் அன்றோ? பின்னர்த்தான் எழுபதைக் கடந்த கொத்தனார் வந்தார். வந்தவர் அறையினுள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சொட்டு விழுகிற இடத்தை விடுங்கள், தம்பி, தண்ணீர் எட்டடி நடந்து வந்தும் விழும்” என்றார்.

பங்குனியில் வேலை தொடங்கிற்று. தளத்தைக் கூட்டித் துடைத்தபின் இரும்புக் கம்பியின் முனையால் ஒவ்வொரு தட்டோட்டையும் தட்டிப் பார்த்தோம். பற்றுள்ள ஓடு கணீரென ஒலிக்கும். அடி விட்டுப்போன ஓடு பொள்ளென்னும். அவ்விடங்களுக்குக் கரிக்கோடு இட்டோம். பின்பு வயலிற் பாத்தி கட்டுவதுபோலக் களிமண் வரம்பிட்டுத் தளத்தை நான்காகப் பிரித்து, நீர் வெளியேறும் தூம்பினை அடுத்த தாழ்ந்த பாத்தியில் முதலில் நீர் நிறுத்தினோம். மேட்டுப் பாத்தியில் முதலில் நிறுத்தின், கசியும் நீர் தாழ்விடம் நோக்கி ஓடி எதனையும் விளங்கவொட்டாமற் செய்துவிடும். ஓரங்குலத்திற்கு மேல் நீர் விடக் கொத்தனார் இசைந்திலர். ஒரு சதுர அடியில் ஓரங்குல நீர் 5 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ளது. பத்தடிச் சதுரத்திற்கு 500 இறாத்தலுக்கு மேலாகும். முதிர்ந்த கட்டைகள் எத்துணைதான் தாங்கும்! ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பகலும் ஓர் இரவும். யான் கீழே சுண்ணக்கட்டியும் டார்ச் விளக்குமாகக் காத்துக்கிடந்தேன். இரண்டு பாத்திகள் ஏதும் காட்டவில்லை. கைப்பிடிச்சுவரை ஒட்டிய மூன்றாம் பாத்தியில் நீர் நிறுத்தி நான்கு மணி நேரங் கழிந்ததும், கட்டை ஒன்றின் ஓரமாக ஈரம் கறுத்துக்கொண்டு வந்தது. சொட்டு விழுந்த இடத்திற்கும் நீர் புகுந்த இடத்திற்கும் இடையே அளந்து பார்த்தேன்: ஏழடி நான்கங்குலம்.

அவ்வாறு இரவில் மல்லாந்து கிடந்தபோது கப்பர்நகூமில் நால்வர் பிரித்த கூரை நினைவிற்கு வந்தது. மாற்கு கூரையைப் பிரித்ததாக எழுதுகின்றார். லூக்காவின் தமிழ் மொழிபெயர்ப்பிலோ தட்டோடு என்னும் சொல்லே வந்துள்ளது. திமிர்வாதக்காரன் எழுந்து நடந்து போயினான். அக்கூரையை மீண்டும் மூடியவர் யார் என்பதைச் சுவிசேஷகர் எவரும் கூறவில்லை. அவ்வூரிலும் ஒரு கொத்தனார் இருந்திருத்தல் வேண்டும்.

நிற்க. பழுது இரண்டு எனத் தெரிந்தது. சுவரும் தளமும் கூடும் மூலையில் விரல் பருமனுள்ள ஓர் அரசங்கன்று வேரூன்றியிருந்தது. மற்றொன்று, முன்னொரு காலத்தில் ஒழுக்கை அடைக்கவே இட்ட சிமெண்டுப் பூச்சு. வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அசையும் சுண்ணாம்புத் தளத்தின்மேல் இறுகிய அப்பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்து, புகுந்த நீரை மீண்டும் உலரவொட்டாமல் உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. பெயர்த்தபோது கீழிருந்த சுண்ணாம்பு தயிர்போலக் கையில் ஒட்டிற்று. மருந்தே நோயாயிற்று.

கன்றினை வெட்டினால் மாத்திரம் போதாது; மீண்டும் தளிர்க்கும். ஆகவே கைப்பிடிச்சுவரில் ஏழு வரிசைச் செங்கற்களை எடுத்து வேரை அடியோடு களைந்தார். குழியில் நீற்றி வைத்த சுண்ணாம்பைச் சலித்து, செங்கற்பொடி கூட்டி, கடுக்காய் நீர் வார்த்துக் குழைத்த சாந்தினால் பழுதுற்ற இடங்களை நிரப்பினார். மூலையில் நீர் தங்காதபடி சாய்வாகப் பூசி, புதுத் தட்டோடுகளை இணைப்புக்கு மேல் இணைப்பு வாராமல் பதித்தார். சித்திரை வெயிலில் சாந்து விரைந்து உலர்ந்து வெடிக்காதிருக்கப் பத்து நாள் வைக்கோல் பரப்பி நனைத்துவந்தோம். அவ்வேலை என்னுடையது. சுவரினுள் முனை இற்றுப்போன ஒரு கட்டையை மாற்றப் பழந்தேக்கு தேடியலைந்ததில் வைகாசியும் கழிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் தந்தையார் ஏணி வைத்து ஏறி, யான் சுண்ணக்கட்டியால் வளைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நான்கு உலர்ந்திருந்தன, ஐந்தாவது சற்றே குளிர்ந்திருந்தது, ஆனால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. இடிப்பதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. தை பிறந்ததும் அவ்வைந்தாம் இடத்தைத் திறந்து பார்ப்பதாகக் கொத்தனார் சொல்லியிருந்தார். நூல்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. ஆச்சி மட்டும் கட்டிலைப் பழைய இடத்திற்கு நகர்த்த விடவில்லை; கார்த்திகையும் கழியட்டும் என்றார்.