வண்டியோ, வீடோ?

மோட்டார்ச் சைக்கிள் வாங்கியவன் அதனை வாங்கியபடியே வைத்திருப்பதில்லை. வீடு கட்டி முடித்தவன் பின்னொரு நாள் விறாந்தை இறக்குவது போல, அவனும் ஏதேனும் ஒன்றைச் சேர்த்தே தீருவான். இப்பலவீனத்துக்கு நாமும் விலக்கல்லோம். அதனால் நாம் பட்ட பாட்டையும், பின்னர் பெற்ற இன்பத்தையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எம்மிடம் இருப்பது 'யமஹா செரோ' என்னும் பழைய வண்டி. செரோ என்பது மலைச் சரிவுகளில் வாழும், ஆட்டை ஒத்த ஒரு விலங்கின் பெயர். யப்பானில் 1985ஆம் ஆண்டு இவ்வண்டி முதன்முதலாக வெளிவந்தபோது, அதன் இயந்திரம் 223 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையதாகவும், எண்ணெய்கள் நீங்கலான எடை ஏறத்தாழ 102 கிலோவாகவும் இருந்தன. முன் சில்லு 21 அங்குலம். பின் சில்லு 18 அங்குலம். வீதியில் ஓடுவதற்கு வேண்டிய விளக்கும் கண்ணாடியும் இலக்கத் தகடும் உண்டு; மணலிலும் கல்லிலும் இறங்குவதற்கு வேண்டிய உயரமும் உண்டு. 1968இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'டிடி-1' என்ற வண்டியே இத்தகைய இருவழி வண்டிகளைப் பெருவழக்காக்கியது. செரோவின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. எனினும் பழைய வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மலையாட்டின் பெயர் கொண்ட இவ்வண்டியை நாம் பொதிமாடாக்கினோம். இரு பக்கத்திலும் இரும்புப் பெட்டிகள், பெரிய பெற்றோல் தாங்கி, இயந்திரத்தைச் சுற்றி இரும்புக் குழாய் வேலி, ஊரை எழுப்பும் புகைக்குழாய் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பார்த்தவர்கள் புகழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம்.

ஒரு நாள் பிற்பகல் ஏ9 வீதியால் தென்திசை சென்று, பளைப் பகுதியிலிருந்து கிழக்கே திரும்பித் தாளையடிக் கரையை அடைந்தோம். தார் வீதியில் வண்டி குறையின்றி ஓடியது. பனைகளுக்கு இடையே மணல் வழியில் இறங்கியதும் முன் சில்லு புதைந்தது. அஞ்சி வேகத்தைக் குறைத்தோம்; அதுவே பிழையாயிற்று. வண்டி ஒருபுறம் சாய, எமது வலக்கால் பெட்டிக்கும் மணலுக்கும் நடுவே அகப்பட்டது. சூடான புகைக்குழாய் கெண்டைக்காலைத் தீய்த்தது. தூக்க முயன்றோம், அசையவில்லை. கூப்பிட்டோம், கடலின் இரைச்சலே பதிலாக வந்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

நல்லவேளையாகக் கரைவலை இழுக்க வந்த சிலர் எம்மைக் கண்டனர். நால்வர் சேர்ந்து வண்டியைத் தூக்கினர். அவர்களுள் முதியவர் பெட்டிகளையும் வேலியையும் ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, உது வண்டியோ, வீடோ?" என்றார். "வள்ளத்தில ஏத்திற பாரத்துக்கே ஒரு கணக்கிருக்கு. உவ்வளவு பாரத்தோட மணலுக்கை இறங்கலாமோ?"

வீட்டிலே புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டே எமது இல்லாள் ஒன்றுதான் கேட்டார்: "அவையள் வராட்டில் என்ன செய்திருப்பியள்?" அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

மறுவாரமே பெட்டிகள் இறங்கின. வேலியும் பெரிய தாங்கியும் அகன்றன. பழைய புகைக்குழாய் மீண்டும் ஏறியது, அயலாரும் மகிழ்ந்தனர். கழற்றியவற்றை நிறுத்துப் பார்த்தபோது முப்பது கிலோவுக்கு மேல் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மணலிலே மல்லாடியிருக்கின்றோம்!

இப்போது எம்மிடம் எஞ்சியுள்ள மாற்றங்கள் சில. கல் மோதாமல் இயந்திரத்தின் அடியைக் காக்கும் அலுமினியத் தகடு. கைகளைக் காக்கும் மறைப்பு. நின்று ஓட்ட வசதியாக அகன்ற மிதிகள். வீதிக்கும் மணலுக்கும் பொதுவான முரட்டு ரயர்கள். சங்கிலியை இழுக்கும் முன் பற்சில்லில் ஒரு பல்லைக் குறைத்துள்ளோம். பதினைந்து பல்லைப் பதினான்காக்கினால், அதே இயந்திரச் சுழற்சிக்கு வேகம் நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். இழுவை அதற்கேற்பக் கூடும். நெடுவீதியில் இயந்திரம் சற்று முனகும். அந்த முனகலை மணலில் கிடைக்கும் இழுவைக்கு நாம் கொடுக்கும் விலையாகக் கருதுகின்றோம்.

தார் வீதியில் ரயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல் வைப்போம். மணலுக்கு முன் 14 ஆகக் குறைப்போம். ரயர் சப்பென்று விரிந்து மணலின் மேல் மிதக்கும். மிகக் குறைத்தால் ரயர் வழுகி ரியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். மிதிகளில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, கண்ணைத் தூரத்தில் வைத்து, வேகத்தை ஒரே சீராகப் பிடித்தால் முன் சில்லு தானே வழி காணும். வீடு திரும்பியதும் காற்றுவடியைக் கழுவி எண்ணெய் தடவுவது தவறாத கடமை; இயந்திரத்துக்குள் புகும் மணல் அதனை அரித்துவிடும்.

எமக்கு நாமே விதித்த கட்டுப்பாடுகளும் உண்டு. செல்லும் இடத்தை வீட்டில் சொல்லாமல் புறப்படுவதில்லை. மணலுக்குத் தனியே போவதுமில்லை. ஊரார் நாளாந்தம் நடக்கும் தடத்தை விட்டு விலகுவதில்லை. முகமாலை வழியாகச் செல்லும் எவருக்கும் அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்த பின்னரும் நெடுங்காலம் அந்நிலத்தில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன. கரை மணலைப் பிடித்து நிற்கும் அடம்பன் கொடியின் மீதும் வண்டி ஏற்றுவதில்லை. திரண்டால் மிடுக்கு என்று பெயர் பெற்ற கொடியாயினும் சில்லின் கீழ் அது பிழைக்காது.

மூன்று மாதங்களின் பின், நண்பர் ஒருவருடன் அதே கரைக்குச் சென்றோம். முன்பு எம்மை வீழ்த்திய இடத்தை வண்டி மெல்லக் கடந்தது. ஒருமுறை சாய்ந்தது, தனியாகவே நிமிர்த்தினோம். அப்போது எழுந்த மகிழ்ச்சியைப் பெட்டிகள் பூட்டிய நாளில் கேட்ட புகழுரைகள் தரவில்லை.

கரையில் அந்த முதியவர் வலைக்கயிற்றைப் பிடித்து நின்றார். வண்டியை ஏற இறங்கப் பார்த்துத் தலையசைத்தார்.

"அண்டைக்கு உம்மட வண்டிக்கு நாங்கள் கை குடுத்தனாங்கள். வாரும் தம்பி, இண்டைக்கு எங்கட வலைக்கு நீர் கை குடும்."

வண்டியைப் பனையடியில் நிறுத்திவிட்டு, நாமும் நண்பரும் கயிற்றைப் பிடித்தோம்.