ஸ்டீவன் வெறும் தடயமா?

‘நான் யார்?’ என்று கேட்க ஓய்வு வேண்டும். கூடவே, அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆளும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். டேவிட் ஓ. ரஸ்ஸல் 2004இல் இயக்கிய ‘ஐ ஹார்ட் ஹக்கபீஸ்’ படத்தை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்து முடித்தபோது எங்களுக்குள் விவாதம் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

படம் ஒரு கிறுக்குத்தனமான நகைச்சுவை. ஆல்பர்ட் (ஜேசன் ஷ்வார்ட்ஸ்மேன்) சூழலியல் செயற்பாட்டாளன். சதுப்பு நிலத்தைக் காக்கப் போராடிப் போராடி, கடைசியில் காப்பாற்ற முடிந்தது ஒரு பாறையை மட்டும். அதற்கும் ஒரு கவிதை வாசிக்கிறான். உயரமான ஒரு கறுப்பின இளைஞனைத் தற்செயலாக மூன்று முறை பார்த்துவிட்டு, இதற்கு என்ன பொருள் என்று கேட்டு ‘இருத்தலியல் துப்பறிவாளர்கள்’ இருவரிடம் போகிறான். டஸ்டின் ஹாஃப்மேனும் லில்லி டாம்லினும் நடித்த அந்தத் தம்பதி குளியலறை வரை அவனைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கிறார்கள். ஒரு போர்வையை விரித்துக் காட்டி, எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்கிறார்கள். இசபெல் ஹூப்பேர் நடித்த பிரெஞ்சுச் சிந்தனையாளரோ எதற்கும் பொருளில்லை, எஞ்சுவது கொடுமைதான் என்கிறார். இரண்டு தத்துவங்களுக்கும் நடுவில் ஆல்பர்ட் பந்தாகிறான்.

எங்களை முதலில் குத்தியது அவனுடைய கூட்டமைப்பின் கதை. ஹக்கபீஸ் என்ற பெருங்கடை நிறுவனத்தின் அதிகாரி பிராட் (ஜூட் லா) சிரித்த முகத்தோடு அதற்குள் நுழைகிறான். பாடகி ஷனாயா ட்வைனை வைத்து நிதி திரட்டலாம் என்கிறான். உறுப்பினர்கள் மயங்குகிறார்கள். கொஞ்ச நாளில் கூட்டமைப்பு பிராட் கையில், அதைத் தொடங்கிய ஆல்பர்ட் தெருவில். எதிரி கல்லெறிந்து இயக்கத்தை உடைப்பது ஒரு வகை. மாலை போட்டு, மேடை போட்டுக் கொடுத்து, மெல்ல எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. இயக்க வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகையை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சிகளில் எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆல்பர்ட் மூன்று முறை பார்த்த அந்த இளைஞனின் பெயர் ஸ்டீவன். சூடான் உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்த அகதி. பக்தியுள்ள ஒரு வெள்ளைக் குடும்பம் அவனைத் தங்களோடு வைத்திருக்கிறது. ஆல்பர்ட்டும், தீயணைப்பு வீரன் டாமியும் (மார்க் வால்பெர்க்) அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு டாமிக்கு எதைப் பார்த்தாலும் பெட்ரோல்தான் தெரிகிறது. தீயணைப்பு வண்டியில்கூட ஏறாமல் சைக்கிளில் போகிறவன் அவன். பேச்சு சண்டையாகிறது. ‘ஓர் அகதிக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்கள் நாங்கள்’ என்கிறார் குடும்பத் தலைவர். ‘கொடுத்தீர்கள், சரி. சூடானுக்கு அந்த நிலை எப்படி வந்தது? நம் நாடு முட்டுக்கொடுக்கும் சர்வாதிகாரங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லையா?’ என்கிற பொருளில் திருப்பிக் கேட்கிறான் டாமி. மேசை கொதிக்கிறது.

படத்தின் உச்சம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கருணை தன் கணக்கை வாசிக்கும்போது காரணத்தைக் கேட்பவன் விருந்து மரியாதை தெரியாதவன் ஆகிவிடுகிறான். ‘சோறு போட்டோம், படிக்க வைத்தோம்’ என்று சொல்லிக்காட்டும் மேசைகள் நமக்கும் புதியவை அல்ல. அந்தச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, ‘என் நிலம் எங்கே போனது?’ என்று கேட்டவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆனால் படம் அந்த இடத்திலேயே ஸ்டீவனை விட்டுவிடுகிறது. பிற்பாடு பிரெஞ்சுச் சிந்தனையாளர் விளக்கம் தருகிறார்: ஸ்டீவன் போரால் அநாதையானவன், ஆல்பர்ட் பெற்றோரின் அக்கறையின்மையால் அநாதையானவன். அதனால்தான் அவன் இவன் கண்ணில் பட்டானாம்! ஒரு நாட்டின் போர், ஒரு பையனின் மனக்காயத்துக்குத் தடயமாகச் சுருங்குகிறது. ஆல்பர்ட்டின் வலி பொய்யில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்த பிறகு ஒரு தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் சிக்கல். ஸ்டீவனுக்கு எந்தத் துப்பறிவாளரும் அமர்த்தப்படவில்லை. எல்லாவற்றையும் இணைக்கும் அந்தப் போர்வையில் அவன் நூல் எது என்று யாரும் தேடவில்லை.

ஸ்டீவனாக நடித்த கெர் துவானியின் வாழ்க்கை இந்தக் கோபத்தைக் கூட்டுகிறது. சிறுவனாகத் துப்பாக்கி சுமந்து, தப்பி, அகதியாக அமெரிக்கா வந்தவர் அவர். இது அவருக்கு முதல் படம். பின்னாளில் ஐ.நா. அகதிகள் முகமைக்காகப் பேசும் குரலானார். ‘நான் யார்?’ என்று கேட்க அந்தப் படக்குழுவில் அவரைவிடத் தகுதியானவர் யார்?

இன்னொன்று. 2007இல் இந்தப் படப்பிடிப்புத் தளத்தின் காணொளிகள் இணையத்தில் பரவின. லில்லி டாம்லினிடம் இயக்குநர் கத்தித் தீர்க்கிறார். எல்லோரும் ஒன்று என்று போதிக்கும் படம் உருவான இடத்தில் அது நடந்தது. தத்துவம் திரையில் இருக்கிறதா, தளத்திலும் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, படத்தைப் பாருங்கள் என்றே சொல்வோம். பிராட்டின் வீடு பற்றி எரியும்போது வண்டிகள் நெரிசலில் நிற்க, சைக்கிளில் வந்த டாமி முதலில் போய்ச் சேருகிறான். தன்னைத் தெருவில் விட்ட பிராட்டின் அழுகையில் ஆல்பர்ட் தன் முகத்தைக் காண்கிறான். இரண்டும் நல்ல காட்சிகள். பார்த்து முடித்ததும் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்டீவனின் முகத்தை மட்டும் பாருங்கள். அவன் கேட்க நினைத்தது என்ன என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.