நானூறு பேருக்குத்தான் இடம்

சிட்னி



விடுமுறைக்கு லார்ட் ஹாவ் தீவுக்குப் போகிறோம் என்றதும், சென்னையிலிருந்து அண்ணன் மகன் ஃபோனில் கேட்டான்: “செல்ஃபோன் டவர்கூடக் கிடையாதுங்கறீங்க. அங்க போய் என்னதான் செய்வீங்க அத்தை?” இந்த மடல் அவனுக்குப் பதில்.

சிட்னிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு நடுவே தன்னந்தனியாகக் கிடக்கும் எரிமலை மிச்சம் அந்தத் தீவு. சின்ன விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம். 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரே சமயத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் அங்கே தங்க முடியாது. ஊர்க்காரர்களும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர்தான். அதனால் செலவு அதிகம், மறைக்க விரும்பவில்லை. மாதக்கணக்கில் பணம் சேர்த்துத்தான் போனோம்.

வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பயணிகளுக்குப் பெரும்பாலும் சைக்கிள்தான். சைக்கிளை மிதித்து நெட்ஸ் கடற்கரைக்குப் போனால், முழங்கால் தண்ணீரில் நின்றாலே மீன்கள் வந்து காலைச் சுற்றுகின்றன. முகக்கண்ணாடி, துடுப்புக் காலணி எல்லாம் அங்கேயே ஒரு கொட்டகையில் இருக்கின்றன, காவலுக்கு ஆளில்லை. எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட வேண்டியதுதான். மேற்கே தீவுக்கு அணை கட்டியதுபோல் ஒரு பவளப்பாறை வரிசை. உலகின் தென்கோடிப் பவளத்திட்டு இதுதான் என்கிறார்கள். அதன் உள்பக்கம் கடல் குளம்போல் அமைதியாக இருப்பதால், நீச்சலில் பயம் உள்ளவர்களும் இறங்கலாம். மாலையில் அதே நெட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்தால், பகலெல்லாம் கடலில் இரைதேடிய மட்டன்பேர்ட் பறவைகள் இருட்டும் நேரத்தில் கூட்டமாகத் திரும்பி, மரத்தடி வளைகளைத் தேடித் தத்தித் தத்தி நடக்கும். கோடை மாதங்களில் போகிறவர்கள் இதைத் தவறவிடக்கூடாது.

ஆனால் தீவின் பெரிய வேலை கோவர் மலை ஏறுவதுதான். உயரம் 875 மீட்டர். போய்வர 14 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் நேர்கீழே கடல். கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். உச்சியில் வெயிலே தெரியாத மேகக் காடு: பாசி, பெரணி, சொட்டச் சொட்ட ஈரம். அங்கே நின்று வழிகாட்டி வாயைக் குவித்து ஒரு கூவல் கூவினார். சற்றுப் பொறுத்து, கிளைகளை உரசிக்கொண்டு பிராவிடன்ஸ் பெட்ரல் என்னும் கடற்பறவை ஒன்று எங்கள் காலடியில் தொப்பென்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. மனிதனிடம் பயம் என்பதே அதற்குத் தெரியாது. 1790இல் நார்ஃபோக் தீவில் பட்டினியில் தவித்த கைதிகளும் காவலர்களும் இதே பறவையை லட்சக்கணக்கில் பிடித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே அந்த இனமே இல்லாமல் போனது. இன்று உலகத்திலுள்ள பிராவிடன்ஸ் பெட்ரல்களில் பெரும்பாலானவை குஞ்சு பொரிப்பது இந்தத் தீவில்தான். காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த அந்தப் பறவையைக் கண்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும், இது எப்படித் தப்பியது என்று கேட்கத் தோன்றியது. தீவின் விடுமுறையில் எனக்கு மிகப் பிடித்த வேலை அந்தக் கேள்வியோடு ஊரைச் சுற்றியதுதான்.

1918இல் மகாம்போ என்ற நீராவிக் கப்பல் தரைதட்டி, பழுது பார்ப்பதற்காக இங்கே நின்றபோது, அதிலிருந்த எலிகள் கரையேறின. சில ஆண்டுகளுக்குள் ஐந்து வகைப் பறவைகள் அழிந்தன. உள்ளங்கை நீளக் கறுத்த குச்சிப்பூச்சி ஒன்று இருந்தது. தூண்டிலில் இரையாகக் கோக்கும் அளவுக்கு மலிந்து கிடந்தது. அதுவும் போயிற்று. பிறகு 2001இல், தென்கிழக்கே 23 கிலோமீட்டர் தள்ளிக் கடலிலிருந்து ஈட்டிபோல் எழும்பும் பால்ஸ் பிரமிடு பாறையில், ஒரேயொரு புதரை ஒட்டி அந்தப் பூச்சிகளை டேவிட் பிரிடல், நிக்கலஸ் கார்லைல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து கொண்டுவந்த ஜோடியிலிருந்துதான் மெல்பர்ன் விலங்குக்காட்சிசாலை ஆயிரக்கணக்கில் வளர்த்தது. கடல் ஒத்துழைத்தால் படகில் போய் அந்தப் பாறையைச் சுற்றிவரலாம்.

வுட்ஹென் என்னும் பறக்காத கானாங்கோழி கதையும் இப்படித்தான். 1970களில் முப்பதுக்கும் குறைவாகி, பெரும்பாலும் மலையுச்சியில் ஒடுங்கியிருந்தது. சில ஜோடிகளைக் கீழே கொண்டுவந்து கூண்டில் பெருக்கி மறுபடி காட்டில் விட்டார்கள். 2019இல் தீவு முழுக்க விஷம் வைத்து எலிகளை ஒழித்தபோது, வுட்ஹென்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று அவற்றைப் பிடித்துப் பட்டியில் அடைத்துக் காத்தார்கள். அந்தத் திட்டத்தில் ஊர் இரண்டுபட்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டு வாசலில் விஷமா என்று எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனாலும் செய்தார்கள். இன்று வுட்ஹென் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் தங்கிய விடுதி வாசலில் குஞ்சுகளோடு வந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தது.

ஆகவே மருமகனே, அங்கே செய்வதற்கு ஏராளம் இருக்கிறது. அத்தனையும் இருப்பதற்குக் காரணம், வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஊர். இன்னும் ஆயிரம் பேரை விட்டால் வருமானம் பெருகும் என்று அவர்களுக்கும் தெரியும். அந்தக் கணக்கை அவர்கள் மறுத்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. மர்டில் ரஸ்ட் என்ற பூஞ்சை நோய் ஏற்கெனவே அந்தக் காட்டைத் தொட்டுவிட்டது. அதன் வித்துத்தூள் உடையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். நடைபாதைகளின் தொடக்கத்தில் பிரஷ் வைத்திருக்கிறார்கள், அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். பெட்டி கட்டும் முன், துணிகளைத் துவைத்து, காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துப் போங்கள்.