விரலும் குரலும்

நீலகிரி ஈரம் மனிதர்களின் மூட்டுகளை மட்டுமா பிடிக்கிறது? வாத்தியங்களையும் விடுவதில்லை. குன்னூர் நண்பர் வீட்டு மின் ஆர்கன் ஊமையாகிவிட்டது. உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை. "காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் அம்மா" என்றான் பிள்ளை. நாற்பது வருஷம் விரல் பழகிய கட்டைகள். அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை.

கோவையிலிருந்து வந்த வாலிபர் களிம்பேறிய தொடுமுனைகளைத் துடைத்து, ஒரு மிடிப் பலகையை இணைத்தார். 1983-இல் பிறந்த இந்த மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை அழுந்தியது, எப்போது விடுபட்டது என்ற சேதியை எண்ணாக அனுப்பும், பாடுவது கணினி. பதினாறு தடங்களில் மேலடுக்குக்கு ஒன்று, கீழடுக்குக்கு ஒன்று, கால்மிதிக்கு ஒன்று, அவ்வளவே போதும்.

அம்மாள் ஒரு கீதம் வாசித்தாள். "இது என் ஆர்கனின் குரல் இல்லை" என்றாள். ஆனால் கட்டைகளை விட்டுக் கையை எடுக்கவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள்.