ஒன்றரைப் பவுன் பித்தளை

என் அம்புகள் எல்லாம் இடது பக்கமே போயின. பத்து எய்தால் எட்டு, சாக்கின் நடுவில் ஒட்டியிருந்த காகித வட்டத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் குத்தி நிற்கும். மீதி இரண்டும் சாக்கைத் தொடாமல் பின்னாலிருந்த வைக்கோல் போருக்குள் புகுந்துவிடும். மூன்று மாதமாக என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். விரல் சரியாக விடவில்லை, தோள் ஏறுகிறது, இடது முழங்கை மடங்குகிறது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வெறும் வில்லை இழுத்துப் பார்ப்பேன். ஞாயிறு காலையில் சோழவந்தான் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்புக்குப் போனால் மறுபடியும் இடது.

மதுரைக்காரனுக்கு வில் புதிதில்லை. சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகம் முடிந்த மறுநாள் திக்விஜயம். எட்டுத் திசைக் காவலர்களையும் ஜெயித்துக்கொண்டு வரும் மீனாட்சியை மாசி வீதியில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முப்பது வயதுக்கு மேல், கொரோனா புண்ணியத்தில் சென்னையை விட்டு ஊரோடு வந்து, பகல் முழுக்க லேப்டாப்பில் கழித்தவனுக்கு அந்த ஞாபகம் போதுமானதாக இருந்தது. 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு கேட்கும் ஒரு மரவில்லும் ஆறு கார்பன் அம்புகளும் வாங்கினேன்.

அம்புத் தண்டின் மேல் 500 என்று அச்சிட்டிருந்தது. இதை ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தொய்கிறது என்கிற கணக்கு. அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் குறையக் குறைய தண்டு விறைப்பு. எனக்கு இது தலைகீழாகப் பட்டது.

அம்பு நேராக இருக்கிறது, நேராகப் போகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வள்ளுவரே கூடா ஒழுக்கம் அதிகாரத்தில் நேரான கணை கொடியது, வளைந்த யாழ் இனியது என்று ஒப்பிடுகிறார். ஆனால் எய்யும் கணத்தில் அம்பு வளைகிறது. ஒலிம்பிக் வில்லில் நடுப்பகுதியைச் செதுக்கி அம்புக்கு வழி விட்டிருப்பார்கள். பழைய பாணி வில்லில் அந்த வசதி கிடையாது. அம்பு வில்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது. நாணோ நடுவை நோக்கிப் பாய்கிறது. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னாலிருக்கும் முனை தன் எடையால் நகர மறுக்கிறது, இடையில் மாட்டிய தண்டு வில்லைச் சுற்றிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்கிறது. ராபர்ட் எல்மர் இதற்கு ‘வில்லாளியின் முரண்’ என்று பெயர் வைத்தார். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் ஹிக்மேன் என்ற இயற்பியலாளர் 1930களில் அதிவேகப் படச்சுருளில் இதைப் பிடித்துக் காட்டினார். நெளிவு அளவாக இருந்தால் அம்பு வில்லை உரசாமல் கடந்துவிடும். வலது கையால் நாணிழுப்பவனின் அம்பு வேண்டிய அளவுக்கு நெளியாவிட்டால் வில்லின் மேல் முட்டி இடது பக்கம் போகும். அளவுக்கு மீறி நெளிந்தால் வலது பக்கம் போகும்.

ஆக, என் அம்புகள் விறைப்பு. இது புரிவதற்கு முன்பே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். நீளம் குறைந்தால் எடை குறையும், வேகம் கூடும் என்று 31 அங்குலத் தண்டு ஒன்றை 29க்கு அறுத்துவிட்டேன். தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இரண்டு அங்குலம் அறுத்ததில் தண்டு ஏறத்தாழ 18 சதவீதம் குறைவாக வளையும். அதாவது இன்னும் விறைப்பு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். இந்தச் சூத்திரம் வரும் பேப்பரில் அரியர் வைத்துப் பாஸானவன்.

மெக்கானிக்கல் படித்ததற்குக் காரணம் அப்பா. செல்லூரில் தறிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறை அவருடையது. படித்து முடித்து வந்து ஒரு சிஎன்சி மெஷின் போட்டுப் பட்டறையைப் பெரிதாக்குவேன் என்று நினைத்துத்தான் சேர்த்துவிட்டார். நான்காம் வருடம் கேம்பஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. சொன்னேன். “சரி, போ” என்றார். அதற்குப் பிறகு பத்து வருடம் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் ஊர் திரும்பியபோது அவர் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பட்டறையை மூடிவிடுவது என்று முடிவாகி, லேத்தை எடுத்துக்கொள்ள ஆளும் பேசி வைத்திருந்தார்.

விறைத்த தண்டை நெகிழ வைக்க ஒரு வழி, முன்னால் எடையைக் கூட்டுவது. என்னிடம் இருந்தவை 100 கிரெயின் முனைகள், ஆறரை கிராம். அம்புக் கணக்கெல்லாம் கிரெயினில்தான் ஓடும். ஒரு கிரெயின் என்பது குன்றிமணி எடையில் ஏறத்தாழ பாதி. கனமான முனைகள் வாங்கலாம், ஆனால் எத்தனை கிராம் என்று தெரியாமல் எதை வாங்குவது? ஒரு சாயங்காலம் அம்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். 500 என்றால் என்னவென்று நான் விளக்க ஆரம்பித்ததும் அப்பா கையை உயர்த்தினார்.

“ஐந்நூறு தவு வளையுது. அதானே?”

தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத்துக்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் சொல். நான் ஒரு வாரம் படித்துப் புரிந்துகொண்டது அவருக்கு அரை நிமிடம்.

இரண்டு வி-பிளாக்குகளை 28 அங்குலத்தில் வைத்தார். பழைய தண்ணீர் பாட்டிலில் அளந்து நீர் ஊற்றி, கம்பிக் கொக்கியோடு சேர்த்து 880 கிராம் ஆக்கினோம். வெர்னியரில் பார்த்தால், 12.7 மில்லிமீட்டர் தொய்ய வேண்டிய அம்புகளில் ஒன்று 12.4, ஒன்று 13.1. எல்லாவற்றிலும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கிறது. “ஒரே அச்சுல வந்ததும் ஒண்ணு போல இருக்காது” என்று சொல்லிவிட்டு அம்பைத் துடைத்து வைத்தார்.

முனையை எவ்வளவு எடையில் செய்வது என்று கேட்டேன். “கனமாவே செய்வோம். கழிக்க முடியும். கழிச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது.” நான் அறுத்துவிட்ட தண்டு மூலையில் கிடந்தது. அதை அவர் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

பித்தளைக் கம்பியைச் சக்கில் மாட்டினார். டூலை ஒட்டக் கொண்டுபோகும்போது கை நடுங்கியது. நிறுத்தினார். மறுபடி முயன்றார். அப்புறம் விலகி நின்று, “நீ பிடிய்யா” என்றார். இரண்டாம் வருட லேபுக்குப் பிறகு நான் லேத்தைத் தொட்டதேயில்லை. அவர் பக்கத்தில் நின்று எண் சொன்னார், நான் கைச்சக்கரத்தைத் திருப்பினேன். “பத்து தவு குடு. இன்னொரு அஞ்சு. பொறு, பொறு. வெளிய எடு.” தண்டின் குழலுக்குள் நுழையும் கழுத்து சரியாக வர நான்கு கம்பிகள் வீணாயின. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் முனை 15 கிராம். பக்கத்துத் தெரு நகை ஆசாரியின் தராசில் நிறுத்தோம். அதைச் சூட்டுப் பசையால் இறகில்லாத ஓர் அம்பில் ஒட்டினேன். இறகு என்பது ஒரு வகையில் பொய் சொல்லும் உறுப்பு. அம்பின் தப்பை வழியிலேயே திருத்திவிடும். இறகைப் பிடுங்கிய அம்பு உள்ளதைச் சொல்லிவிடும். அதே எடை முனையோடு இறகு வைத்த மூன்று அம்புகளை எய்து, அவை குத்திய இடத்துக்கும் மொட்டை அம்பு குத்திய இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஞாயிறு, ஐம்பதடியில், மொட்டை அம்பு முதன்முறையாக வலது பக்கம் போனது, இரண்டு சாண். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மூன்று மாதக் குற்றவாளியான என் கை விடுதலையானது.

அடுத்த வாரம் 14 கிராம். வலது, ஒரு சாண். 13இல் நாலு விரற்கடை. 12இல் மொட்டை அம்பு மற்ற மூன்றோடும் உரசிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வாரமும் முனைகளை வெந்நீரில் முக்கிக் கழற்றிக்கொண்டு செல்லூர் போவேன், அப்பா எண் சொல்வார், நான் கழிப்பேன். எனக்கு ஆசை விடவில்லை. இன்னும் அரை கிராம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். “பாரு” என்றார். 11.5இல் மொட்டை அம்பு இடது பக்கம் சாய்ந்தது. ஆறு முனைகளையும் புதிதாக 12 கிராமில் செய்ய வேண்டியதாயிற்று. “ஒன்றரைப் பவுன்” என்றார் ஆசாரி, நிறுத்துப் பார்த்துவிட்டு. “பித்தளைக்கு இம்புட்டுக் கணக்கா?”

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று போய்க் கடைசியில் புற்றிலிருக்கும் உடும்பில் தைக்கிறது. வன்பரணர் பாடியது. கல்லூரி நாளில் இதைப் படித்து ஓரியின் தோளை வியந்தேன். இப்போது அந்த முனையை வடித்துக் கொடுத்த கொல்லரைத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

அந்த ஆறு முனைகள்தான் எங்கள் லேத்தின் கடைசி வேலை. அடுத்த புதன்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா வண்டிக்காரரிடம் கயிறு கட்டும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். தரையில் எண்ணெய்க் கறையும் நான்கு போல்ட் குழிகளும் மிச்சம்.

அடுத்த ஞாயிறு, நான் கூப்பிடாமலே, தோப்புக்கு வருகிறேன் என்றார். போனில் ஸ்லோமோஷன் வைத்து ஒரு அம்பைப் பதிவு செய்து காட்டினேன். நாலைந்து பிரேம்தான் தெரியும். தண்டு வில்லைச் சுற்றி வளைகிறது, மறுபக்கம் வளைகிறது, நிமிர்கிறது. நாற்பது வருடம் தண்டுகளின் ஆட்டத்தை எடுத்து நேராக்கியவர் போனை வாங்கித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

“இம்புட்டு வளைஞ்சா போகுது?”

“வளையலைன்னாதான்ப்பா இடிக்கும்.”

அவர் பதில் சொல்லவில்லை. பிளாஸ்டிக் சேரில் போய் உட்கார்ந்து, நடுங்கும் கையை மடியில் மற்றக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அடுத்ததை எய்யச் சொல்லித் தலையாட்டினார். எய்தேன். வட்டத்துக்கு நாலு விரற்கடை இடப்பக்கம்.

“அங்கிட்டுப் போகுதேய்யா?”

“முனை சரியா இருக்குப்பா” என்றேன். “இது என் கை.”