சேம அச்சு

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்து ஊர்கள். 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டத்தை அமைத்தபோது மேற்கேயிருந்த அதனையும் வடக்கேயிருந்த இதனையும் ஒரே கோட்டுக்குள் அடைத்தார்கள். இரண்டு ஊருக்கும் புறநகர் மின்சார இரயில் உண்டு. ஆனால் கவண்கிளைபோல ஒரு தடம் அரக்கோணத்தை நோக்கியும் மறுதடம் கூடூரை நோக்கியும் பிரிந்து போகிறது. ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்கு இரயிலில் போக நினைப்பவர் சென்னைக்குள் நுழைந்து, பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி மாறி, மறுபடியும் வெளியே வரவேண்டும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவுக்கு அரை நாள் செலவு. பணியின் பொருட்டு அந்தத் தொலைவை நாள்தோறும் கடக்கும் விதி நமக்கு வாய்த்தபோது, மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

வழி தோன்றவில்லை என்று எழுதுவது பாதி உண்மை. ஆசையும் இருந்தது. சிறுவயதில் நம்மைச் சோழவரத்துக்கு அழைத்துப் போனவர் மாமா. இரண்டாம் உலகப்போரின்போது வானூர்திகளுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்து வானூர்திகள் போன பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்த 1990 வரையிலும் தென்னாட்டின் வேகப் பித்தர்களுக்கு அதுவே கோயில். வைக்கோற் பொதிகளுக்குப் பின்னால் நின்று நாம் பார்த்தது ஏதும் இப்போது தெளிவாக நினைவில்லை. ஒரு மணம் மட்டும் நினைவிருக்கிறது. எரிந்த எண்ணெயின் மணம்.

ஆகவே 2007இல் வாங்கும் வாய்ப்பு வந்தபோது நூறு சிசி சிக்கன வண்டியை நாம் வாங்கவில்லை. கரிஸ்மா வாங்கினோம். 2003இல் வெளிவந்த வண்டி, 223 சிசி. ஸ்போர்ட் டூரர் என்று ஒரு வகை சொல்வார்கள். பந்தய வண்டியின் வேகமும் நெடும்பயண வண்டியின் பொறுமையும் ஓருடலில் கூடியது. 1976இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்100ஆர்எஸ் என்னும் வண்டியை முழு முகமூடியுடன் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகைக்குத் தனி மதிப்பு. காற்று மார்பில் அறையாது. முதுகு லேசாக முன்சாயும். நாள் முழுதும் ஓட்டினாலும் மணிக்கட்டு நோகாது. நம் கரிஸ்மா அந்தக் குலத்தின் எளிய உறவு. அரை முகமூடிதான். என்றாலும் பெரியபாளையம் வரை வயல்களுக்கிடையே வளைந்து வளைந்து போய், ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, வடக்கே திரும்பி ஐந்தாம் கியரில் விடும்போது அது நம்மை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அப்போது அந்தச் சாலைக்கு எண் ஐந்து. 2010க்குப் பின் பதினாறு.

கவரைப்பேட்டையைத் தாண்டியதும் காற்றின் நிறம் மாறும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பலவகை ஆலைகள் உண்டு. அவற்றுள் நம் கதைக்கு வேண்டியவை இரும்பு ஆலைகள். பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி, பில்லெட் என்னும் நீள்கட்டிகளாக வார்த்து, மறுபடியும் பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்கிடையே இழுத்துக் கட்டடக் கம்பியாக்குகிறார்கள். உருக்கிய இரும்பு குளிரும்போது மேலே செதில் செதிலாக உதிரும். அது பொடியாகிச் சாலையில் படியும். லாரிச் சக்கரங்கள் அதை இன்னும் நுணுக்கும். மழைநாளில் சேறாகி, வெயில்நாளில் புழுதியாகி, போகிற வருகிற வண்டிகளின்மேல் ஏறிக்கொள்ளும். எண்ணெய் தடவிய செயினில் இந்தப் பொடி சேர்ந்தால் நடப்பது என்ன? எண்ணெய் எண்ணெயாக இராது, சாணைக் களிம்பாகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இணைப்புகளையும் பல்சக்கரத்தையும் அது அராவிக்கொண்டே இருக்கும். ஊர்ச்சாலையில் ஓடும் செயினும் இங்கே ஓடும் செயினும் ஒரே ஆயுள் கொண்டவை அல்ல. இதை நாம் அறிந்தது பட்ட பிறகுதான்.

2017ஆம் ஆண்டு. விடைத்தாள் திருத்தும் காலம். வண்டியில் இரண்டு மாதமாக ஒரு சத்தம். விசையைக் குறைக்கும்போது மட்டும், பின்பக்கத்தில் கடகடவென்று, பழைய கிணற்றுருளை சுற்றுவதுபோல. காதுக்குக் கேட்டது. மனம் அதை ஒத்திப்போட்டது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அடுத்த ஞாயிறு திருமணம் ஒன்று. அதற்கடுத்த ஞாயிறு விடைத்தாள். இத்தனைக்கும் நாம் மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறவர். ராபர்ட் பிர்சிக்கின் 1974ஆம் ஆண்டு நூலை இருமுறை படித்தவர். அந்நூலில் பிர்சிக்கோடு பயணம் வரும் நண்பர் ஒருவர் உண்டு. விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வைத்திருப்பார், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய மட்டும் மறுத்துவிடுவார். படிக்கும்போதெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவரைவிட நாம் மோசம் என்பது விளங்கவில்லை. அவர் அறியாமல் இருந்தார்; நாம் அறிந்தும் இருந்துவிட்டோம்.

ஒரு மாலை, கல்லூரி முடிந்து கிளம்பும்போது மாணவன் ஒருவன் வந்து நின்றான். இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. கவரைப்பேட்டை வரை வரலாமா என்று கேட்டான். இரண்டாவது தலைக்கவசம் எப்போதும் வண்டியில் இருக்கும், கொடுத்தோம். அவன் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தேறியிருந்தான். இன்னும் சில வாரங்களில் உடற்தகுதித் தேர்வு. ஓட்டம் வந்துவிட்டது ஐயா, கயிறுதான் இன்னும் ஒரு பிடி குறைகிறது என்று காதருகே சொல்லிக்கொண்டு வந்தான். நாம் சிரித்தோம். முன்னால் பில்லெட் ஏற்றிய டிரெய்லர் ஒன்று பக்கச்சாலையிலிருந்து மெல்லத் தலைநீட்டியது. பெரிய அபாயம் ஒன்றுமில்லை, தொலைவு இருந்தது. விசையை விட்டோம்.

அவ்வளவுதான் நாம் செய்தது. தளர்ந்த செயின், விசை விட்ட அந்தக் கணத்தில் துள்ளி, தேய்ந்து கொக்கியாகிப்போன பற்களிலிருந்து நழுவி, பல்சக்கரத்துக்கும் இரும்புக் கைக்கும் இடையே சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பூட்டிய சக்கரம் உருளாது, இழுபடும். வண்டி குறுக்கே திரும்பிச் சாய்ந்து, எங்கள் இருவரையும் ஓரத்து மண்ணில் எறிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தாமற் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நமக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குக் காறை எலும்பு முறிவு.

மருத்துவமனைக்கு அவனுடைய தந்தை வந்தார். ரோலிங் மில் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். இரவுப் பணிக்குக் கிளம்பிய உடையிலேயே வந்திருந்தார். மகனைப் பார்த்தார், மருத்துவரிடம் பேசினார், பிறகு நம்மிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் கேட்டது ஒரு கேள்வி.

“சார், செயின் எப்ப சார் டைட் வச்சீங்க?”

நினைவில்லை என்றோம். சத்தம் இருந்ததா என்றார். இருந்தது என்றோம். எத்தனை நாளாக என்றார். சொன்னோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

“எங்க மில்லுல பேரிங் சத்தம் மாறினா, அந்த ஷிப்ட்டு முடியுற வரைக்கும்கூட வுட மாட்டோம் சார். வுட்டா ரோலு போவாது. பக்கத்துல நிக்கிற ஆளு போயிருவான்.”

குரலில் கோபமில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தேநீர் வாங்கி வந்து நமக்கும் கொடுத்தார்.

அந்த ஆண்டு அவன் கயிறு ஏறவில்லை. மறுமுறை எழுதியபோது எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டான். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவன் சொல்வான். நாம் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

சில வாரம் கழித்து, தோளில் கட்டோடு அவன் வகுப்புக்கு வந்தான். பாடத்திட்ட வரிசைப்படி நாம் புறநானூற்றின் 102ஆம் பாட்டுக்கு வந்திருந்தோம். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகரின் வண்டி. நுகம் பழகாத இளம் எருதுகள். ஏற்றிய பண்டமோ அதிகம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் அறிவார் என்று உமணர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று மன்னன் மகனைப் பார்த்துச் சொல்கிறார் ஔவை. பல ஆண்டுகளாக நடத்திய பாட்டு. உவமையின் நயம், தொனி, துறை என்று ஒரு மணி நேரம் பேசுவது வழக்கம். அன்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். மூன்றாம் வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டில் நாம் அதுவரை காணாதது ஒன்று இருந்தது. உமணன் வீரன் அல்லன், அறிஞனும் அல்லன். அச்சு முறியும் என்பதை ஒப்புக்கொண்ட மனிதன். அவ்வளவே. தன் வண்டிக்கு அப்படி ஒன்று நேராது என்று அவன் நம்பியிருந்தால் அடியில் இன்னோர் அச்சின் பாரத்தை ஊர் ஊராகச் சுமந்திருக்க மாட்டான்.

பிறகு நாம் கற்றுக்கொண்டோம். கற்பித்தவர் அந்தத் தந்தைதான். இரண்டு ஞாயிறு தம் வீட்டு வாசலில் நம் வண்டியைப் பிரித்துக் காட்டினார். செயினை மட்டும் மாற்றக்கூடாது. முன்பல், பின்பல், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும், தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும் என்றார். கீழோட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் கையேட்டில் சொன்ன அளவே ஆடவேண்டும். நம் வண்டி போன்றவற்றுக்கு அது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். ஓரிடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்கவேண்டும். செயின் ஒருசீராகத் தேய்வதில்லை. மிகவும் இறுக்கிவிடுவதும் தவறு. ஆள் ஏறி உட்கார்ந்தால் அது மேலும் இறுகிக் கியர்ப்பெட்டியின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். இருபுறத்து அடையாளக் கோடுகளும் ஒத்திருக்கவேண்டும். இல்லையேல் சக்கரம் கோணலாக நிற்கும். கழுவ மண்ணெண்ணெய்தான், பெட்ரோல் கூடாது, இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் கெட்டுவிடும். கழுவித் துடைத்து உலர்ந்தபின் 90ஆம் எண் கியர் ஆயில், அதுவும் உட்புறத்தில். வழிகிற அளவுக்கு ஊற்றினால் புழுதியை விருந்துக்கு அழைத்ததாகும். ஊரில் ஓடும் வண்டிக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. “சிப்காட் ரோட்டுல ஓடுற வண்டிக்கு வாரா வாரம் சார்.”

செயினோடு பழகிய கண் மற்றவற்றையும் பார்க்கத் தொடங்கியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது; பழவேற்காட்டுக் கழியின் காற்று வீசும் இந்தப் பகுதியில் இரண்டாண்டுக்கு மேல் அதை வைத்திருப்பது அறிவன்று. இரும்புப் புழுதி காற்று வடிகட்டியை அடைத்தால் வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறத்துக்குப் பதில் கரி படிந்திருக்கும். டயரின் காற்றைக் காலையில், ஓடுமுன் அளக்கவேண்டும். சூடேறிய டயர் பொய் சொல்லும். நெடும்பயணக்காரர்கள் செய்யும் ஒன்றையும் இப்போது செய்கிறோம். ஓடுகிற கிளட்ச் கேபிளை ஒட்டியே மாற்றுக் கேபிள் ஒன்றைப் பொருத்திக் கட்டி வைத்திருக்கிறோம். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். அதைக் கட்டும்போது ஔவையை நினைக்காமல் இருக்க முடிந்ததில்லை.

2022இல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்தது. பதிவைப் புதுப்பித்தோம், இன்னும் ஐந்தாண்டு கெடு. அப்போது பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் எடைக்கு விலை சொன்னார். விற்றிருந்தால் அது போயிருக்கக்கூடிய இடம் நமக்குத் தெரியும். தினமும் கடந்துபோகும் அந்த உலைகளில் ஒன்றில் உருகி, யார் வீட்டுத் தூணுக்குள்ளோ கம்பியாக நின்றிருக்கும். அதிலும் குற்றமில்லை. ஆனால் ஒருமுறை ஒருவனைத் தள்ளிய வண்டியை, இனித் தள்ளாது என்று நம் கையால் உறுதிசெய்யாமல் விட்டுவிட மனம் வரவில்லை. இது தர்க்கமல்ல என்பதும் தெரிகிறது.

அவன் இப்போது சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறான். மாலைப் பணி முடியும் வேளையும் நாம் திரும்பும் வேளையும் ஒத்துவந்தால் சாலையோரம் நின்று கையைக் காட்டுவான். நிறுத்துவோம். தலைக்கவசத்தை வாங்கிக்கொள்வான். ஏறுவதற்கு முன் ஒருமுறை குனிந்து, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பான். நம்மிடம் எதுவும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. அவன் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம்.