லிமோனே ஊர்க்காரர்கள்

1970களில் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர் சேசரே சிர்தோரியிடம் ஒரு ரயில்வே ஊழியர் வந்தார். அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எந்த டாக்டரையும் பதறவைக்கும். ட்ரைகிளிசரைடு எக்கச்சக்கம், நல்ல கொழுப்பு என்று நாம் சொல்கிற ஹெச்.டி.எல். மிகமிகக் குறைவு. மனிதரோ திடமாக இருந்தார். ரத்தக்குழாயில் அடைப்புக்கான அறிகுறியே இல்லை. குடும்பத்தாரைச் சோதித்தால் அவர்களிலும் சிலருக்கு அதே கதை.

அவருடைய பூர்வீகம் லிமோனே. கார்டா ஏரிக்கும் செங்குத்து மலைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். 1930களில் ஏரிக்கரைச் சாலை வரும்வரை படகில் போகவேண்டும், இல்லையென்றால் மலையேறவேண்டும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே. இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். ஊரையே கூட்டி ரத்தம் எடுத்தார்கள். நாற்பது பேர் அளவில் அந்த விசித்திரம் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் மாதா கோயில் பதிவேடுகளைத் திறந்தார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று பாதிரிமார் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தவை. யாருக்கு யார் பிள்ளை என்று கோடு இழுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். எல்லாக் கோடுகளும் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே தம்பதியிடம் போய்ச் சேர்ந்தன. ரத்தக் கொழுப்பை அளக்கலாம் என்றே அறியாத அந்தப் பாதிரிமாரை மனதாரக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தத் தம்பதி வழியாக இறங்கிவந்த மரபணு மாற்றம் இவ்வளவுதான்: ஹெச்.டி.எல்.லில் இருக்கும் ஏப்போ ஏ-1 என்ற புரதத்தின் 243 அமினோ அமிலங்களில் 173ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டைன். இந்த மாறிய புரதத்தையே மருந்தாக்கப் பார்த்தார்கள். 2003இல் நம்பிக்கை துளிர்த்தது. பிந்தைய சோதனையில் பலன் தெரியாததால் 2016இல் கைவிட்டார்கள்.

மரபணு எல்லாரிடமும் இப்படிக் கருணை காட்டுவதில்லை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் ஈரல் செல்களில் உண்டு. அவற்றைக் கண்டறிந்ததற்காக டாலஸ் நகரத்து பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்தால் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஒருவரிடமிருந்து வந்தாலும் நடுவயதுக்குள் ஆபத்து. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இப்படி ஒருவரிடமிருந்து வந்த பழுது இருக்கிறது. சிலருக்குக் குதிகால் தசைநாண் தடித்துப்போகும், விரல் முட்டிகளின் மேல் கெட்டியான கட்டி எழும்பும்.

என் உறவினர் ஒருவர் ஒல்லியான ஆள். எண்ணெயை விட்டார், முட்டையை விட்டார், விடியுமுன் எழுந்து நடந்தார். ரத்தக் கொழுப்பின் எண் இறங்கவில்லை. நாக்கைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் எல்லாரும் அவரைக் குற்றவாளியாக்கினார்கள். தலைகுனிந்து வெறும் ரசஞ்சோறு சாப்பிட்ட அவரை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் பிறவியிலேயே வந்ததற்கு ஒரு மனிதரைத் திட்டுவது அநியாயம்.

உங்கள் குடும்பத்தில் ஆண் யாருக்காவது 55 வயதுக்குள், பெண் யாருக்காவது 60 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் கொழுப்பு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூட வயதிலேயே எடுக்கலாம்.